பின் சீட்டுக்காரி தெரிந்தெடுத்த வண்டி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது சொல்லச் சொல்லி முதலாளி கேட்டார். இருபத்தாறு வருடம் மன்னார் ரவுன் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் விற்றவன் நான். உங்களுக்குத் தந்திருக்கிற விளக்கப் புத்தகத்தை நானும் வாசித்தேன். நீண்ட தூரம் ஓடுவதற்கென்றே செய்த அந்தப் பெரிய வண்டியை ஆட்கள் ஏன் எடுக்கிறார்கள் என்று அதில் இரண்டு பக்கம் இருக்கிறது. எஞ்சினின் பலம், விளக்கின் வெளிச்சம், போனோடு இணைகிற வசதி. எல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் வாங்கிய ஒருவராவது அந்த இரண்டு பக்கத்துக்காக வாங்கவில்லை. ஏன் வாங்குகிறார்கள் என்று விளங்க எனக்கே ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. அதுவும் ஒரு பிழை விட்ட பிறகு.

வாகன இறக்குமதி திரும்பவும் திறந்து, கடைக்குப் புது வண்டிகள் வரத் தொடங்கிய நாட்கள். வருடக்கணக்காகப் பழைய வண்டிகளையே துடைத்துத் துடைத்து விற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெருநாள் மாதிரி. முதல் லொறியில் இரண்டு பெரிய வண்டிகள் வந்தன. ஒன்று சிவப்பு, பந்தய வண்டி மாதிரி முன்னுக்குக் குனிந்து ஓடுகிற ரகம். மற்றது நீலம். வேகத்தில் சிவப்புக்குக் குறைந்ததல்ல, ஆனால் நிமிர்ந்திருந்து ஓடலாம். முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி, பின்னால் அகலச் சீட், இரண்டு பக்கமும் கழற்றிப் பூட்டுகிற பெட்டிகள். சிவப்பைப் பார்க்க ஒவ்வொரு நாளும் ஆள் வந்தது. நீலத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.

அந்தக் கிழமைதான் ஜவாஹிர் வந்தார். ஐம்பது வயது, புடவை வியாபாரி, பிறந்தது எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊரை விட்டுப் போக வேண்டி வந்த முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வளர்ந்தது, கலியாணம் முடித்தது, கடை போட்டது எல்லாம் புத்தளத்தில். இங்கே சொந்தக்காரர் திரும்பி வந்து வீடு கட்டியதால் அடிக்கடி வந்து போவார். இரண்டு ஊருக்கும் இடையில் அனுராதபுரம் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட நூற்றெண்பது கிலோமீற்றர்.

சிவப்பைப் பார்த்ததும் அவருடைய கண் விரிந்ததை நான் கண்டேன். விற்பனைக்காரனுக்கு அது போதும். ஏறி இருக்கச் சொன்னேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இருபது வயது குறைந்துவிட்டது என்று சொன்னேன். இறங்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணன், பின்னால ஆள் இருந்தா எப்பிடி?”

“ரெண்டு பேருக்குத் தாராளமாக் காணும்” என்றேன்.

அந்தப் பின் சீட்டில் என் வாழ்நாளில் நான் இருந்ததில்லை. யார் இருக்கப் போகிறார், எவ்வளவு தூரம், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் விற்பனை தட்டிப்போய்விடுமோ என்ற பயம். பத்திரம் எழுதினோம், கை குலுக்கினோம், வாசலில் நின்று படம் எடுத்தோம். அன்றைக்கு மத்தியானம் சந்தோசமாகச் சாப்பிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் தனியே வந்தார். சத்தம் போடவில்லை. கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வண்டியைத் திருப்பித் தரலாமா என்று கேட்டார்.

“வண்டியில பிழை இல்ல அண்ணன். எங்களுக்குத்தான் சரிவரல்ல.”

அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்போதுதான், விற்று இரண்டு கிழமைக்குப் பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்குச் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய மனைவி ஹாஜரா புத்தளத்தில் ஆசிரியை. அவரும் எருக்கலம்பிட்டிதான். ஊரை விட்டுப் போனபோது பன்னிரண்டு வயது. மழைக்குள் வள்ளத்தில், தறப்பாளுக்குக் கீழே, மூச்சு விட இடமில்லாமல் நெருங்கியிருந்து கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு மூடிய எதற்குள்ளும் அவரால் இருக்க ஏலாது. பஸ் ஏறினால் பத்தாவது நிமிடம் சத்தி எடுப்பார். வான் வண்டியில் எல்லாக் கண்ணாடியையும் திறந்துவிட்டாலும் அதேதான். டொக்டர்மாரிடம் காட்டி, குளிசை போட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. காற்று முகத்தில் படுகிற வாகனம் என்றால் மட்டும் ஒன்றும் செய்யாது. அதனால் புத்தளத்துக்குள் ஜவாஹிரின் சின்ன மோட்டார் சைக்கிளில் போய் வருவார். நூற்றெண்பது கிலோமீற்றருக்கு அது காணாது.

ஹாஜராவின் உம்மா மூத்த மகளோடு ஊருக்குத் திரும்பி, பழைய காணியிலேயே வீடு கட்டி முடித்திருந்தார். குடிபுகத் தயார். ஆனால் அந்தக் கிழவி ஒரே சொல்லில் நின்றார். சின்ன மகள் வந்தால்தான் உள்ளே காலெடுத்து வைப்பேன், அதுவரைக்கும் பக்கத்திலிருக்கிற தகரக் கொட்டிலில் இருப்பேன் என்று. அதற்காகத்தான் ஜவாஹிர் பெரிய வண்டி தேடி வந்திருக்கிறார். வேகமாகப் போனால் வேகமாக முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். நானும் அதை வளர்த்துவிட்டேன்.

சிவப்பு வண்டியில் புறப்பட்டவர்கள் மதவாச்சியோடு நின்றுவிட்டார்கள். ஹாஜராவின் இரண்டு காலும் விறைத்து, முதுகு பிடித்து, ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் மர வாங்கில் படுக்க வேண்டி வந்தது. மன்னாருக்கு இன்னும் எண்பது சொச்சம் கிலோமீற்றர். அங்கேயிருந்து ஆறுதலாக, நின்று நின்று, புத்தளத்துக்கே திரும்பிப் போனார்கள். இங்கே சமைத்த சோறு ஆறிப்போனது. உம்மா தகரக் கொட்டிலை விட்டு அசையவில்லை.

அவர் போன பிறகு நான் கந்தோர் மேசையில் சும்மா இருந்தேன். எங்கள் வேலைத்தளத்தில் அப்போது ஒரு தலைமை மெக்கானிக் இருந்தார். முருங்கன் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. என்னை விடப் பதினைந்து வயது இளையவர், பேசுவதே குறைவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, நீங்கள் ஓடுற ஆளுக்கு வித்தீங்கள். பின்னால இருக்கிற ஆளுக்கு விக்கேல்லை. வாங்கோ, ஏறுங்கோ.”

ஜவாஹிர் விட்டுப்போன சிவப்பின் பின்னால் என்னை ஏற்றி முருங்கன் வரைக்கும் கொண்டுபோனார். உயர்ந்த, ஒடுங்கின சீட். முழங்கால் வயிற்றில் இடிக்கிறது. பிடிக்க இடமில்லை. பிறேக் அடிக்கும் போதெல்லாம் அவருடைய முதுகில் போய் முட்டினேன். முருங்கனில் இறங்கிய எனக்கு நிமிர ஏலவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. திரும்பி வந்து, கடையில் தூசி பிடித்து நின்ற நீலத்தில் ஏற்றி, அதே ரோட்டில் திரும்பவும் கொண்டுபோனார். பிடிக்கக் கம்பி இருந்தது. கால் தொங்க வேண்டிய இடத்தில் தொங்கியது. அந்தச் சவாரியின் பாதியில் நான் என்னையறியாமல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொக்குகள் நிற்பது தெரிந்தது. முதல் சவாரியில் ஒரு கொக்கும் எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடத்தில் நான் கற்றதை விட அந்த ஒரு மத்தியானத்தில் கற்றது கூட.

ஜவாஹிருக்குப் போன் எடுத்தேன். நீலத்தை எடுத்துப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் மறுத்தார். ஹாஜரா இனிப் பெரிய வண்டி என்றாலே வேண்டாம் என்கிறாராம். வாங்க வேண்டாம், நானே கொண்டுவருகிறேன், இருந்து மட்டும் பார்க்கட்டும் என்றேன். வியாழக்கிழமை கதைத்தது. வெள்ளி நான் புறப்பட்டு, சனிக்கிழமை அவர்களோடு மன்னார் வருவது என்று முடிவு.

போனை வைத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, கொழும்பிலிருந்து பிராந்திய மனேஜர் எடுத்தார். வேறொரு ஊர்க் கிளையில் நீல வண்டிக்கு ஆள் இருக்கிறதாம். நாளைக் காலை லொறி வரும், ஏற்றிவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களிடம் அது வந்த நாளிலிருந்து ஆளில்லாமல் நிற்கிறது. சோதனை ஓட்டம் ரவுனுக்குள் மட்டும் என்பது கடைச் சட்டம். இன்னொரு மாவட்டம் வரைக்கும் கொண்டுபோக எனக்கு அதிகாரமில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு நீலத்தைப் பார்த்தேன். ஓம் என்று சொன்னால் எல்லாருக்கும் சுகம்.

“சேர், அது போகாது. இங்க ஆள் இருக்கு.”

முற்பணம் கட்டியாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படி ஆள் இருக்கிறது என்று சொல்கிறீர்கள் என்றார்.

“நான் வித்த பிழையான வண்டியால ஒரு மனுசி தன்ர தாயிட்டப் போக ஏலாமல் நிக்கிறா. அதைச் சரிப்பண்ண இந்த வண்டி வேணும். பொறுப்பை என்ர பேரில எழுதுங்கோ.”

திங்கட்கிழமை வரைக்கும்தான் என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளி பின்நேரம் புத்தளத்தில் அவர்களுடைய வாசலில் நீலத்தை நிறுத்தினேன். ஹாஜரா வெளியே வந்து பார்த்தார். நாற்பத்தேழு வயது, நேரே முகம் பார்த்துப் பேசுகிற பெண். நான் ஒன்றையும் விளக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பின் சீட்டில் ஒருநாளும் இராமல் தாராளமாகக் காணும் என்று சொன்னவன் நான்தான் என்றேன். அவர் ஜவாஹிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நின்ற வண்டியில் ஏறி இருந்தார். ஐந்து நிமிடம் கம்பியைப் பிடித்து, காலை வைத்துப் பார்த்தார்.

“நான் நிப்பாட்டச் சொன்னா அந்த இடத்திலேயே நிப்பாட்டணும். திரும்பச் சொன்னா திரும்பணும். ஏன் எண்டு கேக்கப்படாது” என்றார்.

ஒத்துக்கொண்டோம். ஜவாஹிர் திருப்பித் தந்த சிவப்பில் எங்கள் மெக்கானிக் எனக்குப் பின்னாலேயே வந்திருந்தார். அடுத்த நாள் காலை அவர் பஸ்ஸில் திரும்பிப் போக, சிவப்பில் நான் அவர்களைத் தொடர்ந்தேன்.

நொச்சியாகமையில் ஹாஜரா நிறுத்தச் சொன்னார். இறங்கி, நாலு அடி நடந்து, திரும்ப ஏறினார். அனுராதபுரத்தில் தேத்தண்ணி. மதவாச்சியில், போன முறை அவர் படுத்திருந்த அதே கடைக்கு முன்னால், தோளில் தட்டினார். ஜவாஹிர் நிறுத்தினார். நான் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றேன், திரும்பு என்று சொல்லிவிடுவாரோ என்று. அவர் இறங்கவில்லை. அந்த வாங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி, போவம்” என்றார்.

செட்டிகுளம் கடந்து, மடுச் சந்தி கடந்து, முருங்கன் வயல்வெளிக்கு வந்தபோது சோளகக் காற்று எழுந்துவிட்டது. ஆடி மாதத்துச் சோளகம் உங்களுக்குத் தெரியும். தள்ளாடிச் சந்திக்கு வர நான் சிவப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அங்கே காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பையன் கையைக் காட்டி மறித்தான். பாலத்துக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், காற்று பக்கத்தால் அடிக்கிறது, சற்று முன்னர்தான் ஒரு முச்சக்கர வண்டி கரைக்குச் சரிந்ததாம். போவதென்றால் போகலாம், நிற்பது நல்லது என்று சிங்களத்தில் சொன்னான்.

பிள்ளைகள், இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். ரோட்டின் அந்த முனையில் மன்னார்த் தீவு தெரிகிறது. அங்கே ஒரு தாய் காத்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் வண்டி விற்க வேண்டும். என் வாயில் ‘ஒண்டும் செய்யாது, போவம்’ என்பது தயாராக இருந்தது. அதே வாய்தான் தாராளமாகக் காணும் என்று சொன்னது. அதை அடக்கினேன். முதலில் ஓட்டுகிறவரைக் கேட்டேன். வண்டி எப்படி நிற்கிறது என்று. பாரமான வண்டி, தன்பாட்டில் நேரே போகிறது, பெட்டிகளில்தான் காற்றுப் பிடிக்கிறது என்றார் ஜவாஹிர். பெட்டி இரண்டையும் கழற்றி, ரோட்டோரக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாரம் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஹாஜராவிடம் போனேன்.

“தங்கச்சி, பொழுதுபடக் காத்துக் குறையும். நிக்கலாம். அவசரம் ஒண்டும் இல்லை. உங்களுக்கு எப்பிடி?”

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினார். கடற்காற்று முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தீவைப் பார்த்தார்.

“முப்பத்தஞ்சு வருசமா எனக்குக் காத்துக் காணாம இருந்திச்சு அண்ணன். இண்டைக்குத்தான் காணுது. போவம்.”

போனோம். மெதுவாக, கரையை விட்டு விலகி, ரோட்டின் நடுவால். தடுமாறியது நான்தான். இலேசான சிவப்பு ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு முழம் தள்ளுப்பட்டது. முன்னால் நீலம் கோடு போட்ட மாதிரிப் போனது. நடுவில் நாலைந்து கழுதைகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. ஜவாஹிர் நிறுத்தி, காலை ஊன்றி, அவை ஆறுதலாக விலகும் வரைக்கும் காத்து நின்றார். பின்னால் இருந்தவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கழுதைகளைப் போ, போ என்று விரட்டினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, இந்தப் பயணத்தை இப்போது நடத்துகிறவர் யார் என்று.

எருக்கலம்பிட்டியில் புது வீட்டின் கதவு திறந்தபடி இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். தகரக் கொட்டில் வாசலில் கதிரை போட்டு உம்மா இருந்தார். ஹாஜரா தானே இறங்கி, நிமிர்ந்து, நேரே நடந்து போனார். உம்மா அழவில்லை. மகளின் இரண்டு காலையும் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார்.

“கால் விறைக்கல்லயா?”

“இல்ல உம்மா.”

“அப்ப வா, உள்ளுக்குப் போவம்.”

பிஸ்மி சொல்லி, வலது காலை வைத்து, இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் வெளியில் நின்றேன். மூத்த மகள் வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். வேறு சமயத்துப் பள்ளிமுனைக்காரன் எனக்கு அந்த வீட்டில், கூடியிருந்து சாப்பிடுகிற முதல் சகனில் சோறு கிடைத்தது.

வியாபாரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலை பத்திரம் எழுதினோம். ஜவாஹிர் சொல்லி, ஹாஜராவின் பேரில் பதிந்தோம். சிவப்பைக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய வண்டி என்று ஒளிக்காமல் சொல்லி, தனியே ஓடுகிற ஒரு பெடியனுக்கு விற்றேன். அவனுக்கு அதுதான் சரியான வண்டி, இன்றைக்கும் சந்தோசமாக ஓடுகிறான். மறித்த மனேஜரே அடுத்த லொறியில் இன்னும் மூன்று நீலம் அனுப்பினார். மூன்றும் போயின. ஒவ்வொரு முறையும் நான் விலை சொல்வதற்கு முதல் கேட்டது ஒன்றுதான்: பின்னுக்கு ஆர் இருக்கப் போகினம், அவவைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமா? சிலர் கூட்டி வந்தார்கள். இரண்டு பேர் கூட்டி வந்து பார்த்துவிட்டுச் சின்ன வண்டி போதும் என்று போனார்கள். அவர்களும் நல்ல வாடிக்கையாளர்கள்தான். தங்களுடைய அண்ணன் தம்பிமாரை என்னிடம் அனுப்பினார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டோடு முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

பின்நேரத்து அஸர் தொழுகை முடிந்து, எல்லாரும் புது வீட்டு விறாந்தையில் சாய்ந்திருந்தார்கள். காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது. ஜவாஹிர் பாய் போட்டுப் படுக்கப் பார்த்தார். ஹாஜரா ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு மேலாக நின்றார்.

“எழும்புங்க, இன்னும் கொஞ்சத் தூரம் போவம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எழும்பினார். வண்டி முற்றத்தை விட்டு இறங்கி, ரோட்டில் ஏறி, ரவுன் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பியது. உம்மா புது வீட்டு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க போறாள்?” என்று என்னைக் கேட்டார்.

“தலைமன்னாருக்கு உம்மா.”

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்டும் இல்லை. ரோட்டு அங்க முடியுது.”

கிழவி வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு படியில் இருந்தார்.

“முடியிற மட்டும் போகட்டும்” என்றார்.